மத்தாப்பு இட்ட இரண்டு முட்டைகள்

நாரணாபுரம்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

என் அன்பு மகள் ஜெஸ்லினுக்கு,

அம்மா எழுதுகிறேன். இத்தனை நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள், மணி பதினொன்றே முக்கால் ஆகிறது, எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று எடுத்துக்கொள், வேறு எதுவும் நினைக்காதே. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் கர்த்தருடைய கிருபையால் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, கால் வீங்காமல் ஆஸ்பத்திரி டூட்டி பார்த்து, சுகமாக இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் எங்களுக்கு ராத்திரிச் சோறு இறங்குகிறது. நம்ம ஸ்வீட்டி அக்கா தங்கச்சி கல்யாணம் முடிந்து செவ்வாய்க்கிழமை உன் ஊருக்கே திரும்புகிறாள் இல்லையா, நாளைக் காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவள் வீட்டில் பார்சலைக் கொடுத்துவிட வேண்டும், மூன்று கிலோவுக்கு மேல் ஒரு பருக்கை ஏற்ற மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். பருப்புப் பொடி, சாத்தூர்க் காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய் கொஞ்சம், கம்பளி உள்சட்டை இரண்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் அந்த இரண்டு சட்டைக்கும் நடுவில் இருக்கும். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறது, பாப்பா. உன் முகம் தெரிந்தால் எனக்குப் பொய்தான் வருகிறது, ஐந்து வாரமாக அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது.

வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன், எனக்கும் கொஞ்சம் தைரியம் வரட்டும். ஜெபினுக்குக் காலாண்டுப் பரீட்சை நடக்கிறது, பத்தாம் வகுப்பு என்கிற நினைப்பே இல்லை, கணக்குப் புத்தகத்தை விரித்து அதற்குள் போனை வைத்துக்கொண்டு, கேட்டால் "யம்மா, பார்முலாதான் பாக்கேன்" என்கிறான். அப்பாவுக்குச் சீசன். தீபாவளிக்கு ஐந்தே வாரம், ஆர்டர் முடியவில்லை என்று பட்டாசுக் கம்பெனி வேன் ஆறரைக்கே வாசலில் ஹாரன் அடிக்கிறது, வானம் லேசாகக் கறுத்தாலும் மின்னலுக்குப் பயந்து அப்பா வேலையை நிறுத்தி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுகிறார், அதற்கு மேலிடத்தில் ஏச்சு வாங்குகிறார், வாங்கிவிட்டு வந்து "ஏசுனா ஏசட்டும், போன ஆளு முளுசா வீட்டுக்கு வந்தாச் சரி" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போகிறார். பக்கத்து வீட்டுப் பைரோஜா அக்கா உன்னை ரொம்பக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். மாடியில் பல்லித் தீனிக்கென்று நீ தொட்டியில் பெருக்கிவிட்டுப் போன சுவர்க்கோழிப் பூச்சிகள் ராத்திரியெல்லாம் கத்துகின்றன அல்லவா, அதற்கு அவர்கள், "ஏ சீலி, ஒங்க மாடில டெய்லி கச்சேரி வைக்கீகளே, ஒரு டிக்கெட்டு குடுத்தா நாங்களும் முன் வரிசையில வந்து உக்காருவோம்ல" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள், சொன்ன கையோடு பூச்சிக்கென்று கேரட் தோலையும் ஒரு கிண்ணத்தில் நீட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் அருணாதேவி டீச்சர் பழையபடிதான், "ஊரெல்லாம் பல்லி வராம இருக்க முட்டை ஓட்டைத் தொங்கவிடுது, நீங்க மதுரைக்குப் போய்க் காசு குடுத்துப் பல்லி வாங்கிட்டு வந்தீக, அது முட்டை விடலையேன்னு வேற கவலைப்படுதீக" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பாட்டம் பாடுவார். இப்போது பாடுவதில்லை. அவருக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது.

சொல்லிவிடுகிறேன். மத்தாப்பு செத்துப்போய்விட்டது, பாப்பா. ஆகஸ்டு எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை விடியக் காலம். ஆண் பல்லி புஸ்வாணம் நன்றாக இருக்கிறது, அது தனி டப்பாவில் இருந்ததால் தப்பித்தது. இந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே போட்டுவிடாதே, முழுக்கப் படி, படித்து முடிப்பதற்குள் யார் மேலும் கோபப்படாதே, அம்மா கேட்டுக்கொள்கிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பில் அதை வாங்கி வந்த அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது உனக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, விரல் நீளம்தான் இருந்தது, சிறுத்தைப் பல்லி என்றாய், எனக்குச் சிறுத்தையும் தெரியவில்லை பல்லியும் தெரியவில்லை, அரணை என்றுதான் நினைத்தேன். இதைப் பற்றி அரசாங்கத்தில் பதிந்த தாளை வேறு சுவரில் ஒட்டி வைத்தாய், யாராவது வந்து பிடித்துக்கொண்டு போவார்களோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி இருந்தவள், நீ ஏப்ரலில் விமானம் ஏறின மறுநாளே உன் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு இடுக்கியால் பூச்சி பிடித்துக் கால்சியம் மாவில் புரட்டிக் கொடுத்தேன். முதல் வாரம் அது பாய்ந்தபோது இடுக்கியைப் போட்டுவிட்டு நானும் பாய்ந்தேன். பிறகு பழகிவிட்டது. பூச்சியைப் பார்த்தவுடன் அந்த வால் நுனி மட்டும் பூனை மாதிரி ஆடுமே, தின்று முடித்துவிட்டு நாக்கால் கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொள்ளுமே, தோலை உரித்து அந்தத் தோலையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிடுமே, வெளிக்குப் போவதென்றால் தினமும் அதே மூலைக்குத்தான் போகும், உன் தம்பிக்கு இல்லாத ஒழுக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உன் அறையில் முதலில் அதைத்தான் பார்ப்பேன். இமையை மூடித் திறக்கும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இதற்கு உண்டு, அதனால்தானோ என்னவோ அது என்னைப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும். போகும்போது நீ சொன்னாய், "யம்மா, இது இருபது வருசம் இருக்கும்மா, நான் படிச்சு முடிச்சு வாறப்பவும் இங்கனதான் இருக்கும்" என்று. இருபதில் ஆறுதான் ஆயிற்று.

ஜூலையில் நீ சொன்னபடி இரண்டு நாள் புஸ்வாணத்தோடு விட்டு எடுத்தேன் அல்லவா, மாதக் கடைசியில் வயிற்றுத் தோலுக்கு அடியில் இரண்டு முட்டையும் வெள்ளையாகத் தெரிந்தது, உனக்குப் படம் அனுப்பினேன். முட்டையிட ஈரமான மறைவிடம் வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். நீ ஓட்டை போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா இந்த வெயிலில் காய்ந்து விரிசல் விட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சாப்பிடும்போது சும்மாதான் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே "பிளாஸ்டிக்கு எதுக்கு, சுடும்லா, கனமான காயிதக் குழா ஒண்ணு கொண்டாறேன், உள்ள குளுகுளுன்னு இருட்டா இருக்கும், அதுக்கும் மறைவா இருக்கும்" என்றார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. உனக்குத் தெரியுமே, ஆறு வருடமாக அவர் உன் டப்பாக்களைத் தொட்டதில்லை. மத்தாப்பு வந்த புதிதில் ஒருநாள் வேலையிலிருந்து வந்த கையோடு ஆசையாகப் பூச்சியை எடுத்து நீட்டினார், நீ ஓடி வந்து தட்டிவிட்டு, "ஒங்க கையில என்னென்ன மருந்து இருக்குன்னு ஒங்களுக்கே தெரியாது, எம் பிள்ளையக் கொன்னுருவீக போல" என்று கத்தினாய். நீ சொன்னது சரிதான், சின்னப் பிள்ளை வேறு. அவரும் கோபப்படவில்லை. அன்றிலிருந்து உன் அறைக்கு வந்தால் வாசலோடு நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்பார். நீ அதைக் கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்திருக்கிறேன்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் குழாயைக் கொண்டு வந்தார். ஒரு சாண் அகலம், சுவர் மாதிரி கனம், உள்ளேயும் வெளியேயும் மூன்று தடவை துணியால் துடைத்திருந்தார், ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் பல்லி நுழைகிற அளவுக்கு வாசல் வெட்டி, வாசல் ஓரம் கீறக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். மருந்து படாத புதுக் குழாய் உருட்டுகிற ஷெட்டில் அந்த மாதம் சின்ன சைஸ்தான் ஓடிக்கொண்டிருந்ததாம். அதனால் மருந்துப் பக்கத்து ஸ்டோரில், பழைய சாமானோடு கிடந்த ஒன்றை எடுத்திருக்கிறார். ஒரு காலத்தில் வாணத்துக்கு நிறம் கொடுக்கிற மணி மருந்து அள்ளி வைக்கப் புழங்கிய குழாய், வருடக்கணக்காகக் காலியாகத்தான் கிடக்கிறது, துடைத்தால் போயிற்று என்று நினைத்துவிட்டார். மருந்துப் பக்கத்திலிருந்து ஒரு துரும்புகூட வீட்டுக்குப் போகக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களை மிரட்டுகிற போர்மேன், யாருக்காகவும் மீறாததை உனக்காக மீறினார். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது, நானும் எங்கேயிருந்து எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. அவர் அப்படிச் சிரித்த முகமாகக் குழாயை நீட்டினபோது கேட்கத் தோன்றவில்லை. அதை எடுத்துப் போய்த் தேங்காய் நார்த்தூளைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உள்ளே நிரப்பினேன். ராத்திரியும் காலையும் ஸ்பிரே பாட்டிலால் உள் சுவரில் தண்ணீர் தெளித்தேன். மத்தாப்பு உள்ளே போய், சுவரில் நின்ற முத்து முத்தான தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தது. எவ்வளவு அழகாகக் குடிக்கிறது என்று ஜெபினைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு முட்டை இருந்தது. நீ எழுதி வைத்தபடி மேல் பக்கத்தில் பென்சிலால் சிலுவை போட்டு, புரட்டாமல் கரண்டியால் எடுத்து, அடைகாக்கிற தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றிவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். அந்த விடுதி அடுக்களையில் நின்று நீ குதித்த குதியில் உன்கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பாவும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், குழாய் அவர் செய்தது என்று நான் சொல்லப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார், வெட்கம். அதுதான் கடைசிச் சந்தோஷம். முட்டைக்கு முன்னால் அது சாப்பிடாது என்று நோட்டில் இருந்தது, இட்ட பிறகும் சாப்பிடவில்லை. புதன்கிழமை பின்னங்காலை இழுத்தது. வியாழக்கிழமை உடம்பு நடுங்கிற்று, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிபன் டப்பாவில் பஞ்சு வைத்து, ஸ்கூட்டியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் தம்பி நல்ல பையன், "மேடம், நான் ஆடு மாடு நாயி பாத்தவன், இத இன்னைக்குத்தான் மொத மொதல்ல தொடுதேன்" என்று மறைக்காமல் சொன்னான், இருந்தாலும் சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் விட்டு, யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, டப்பாவுக்குள் புதிதாக என்ன வைத்தீர்கள் என்று என்னைக் கேட்டான். குழாய் என்றேன். எந்த ஊர்க் குழாய் என்று அவனுக்குக் கேட்க வேண்டியதே இல்லை, சிவகாசிக்காரன்தான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ராத்திரி முழுக்க என் உள்ளங்கையில் வைத்திருந்தேன், அது குளிர்ந்த உடம்பு, என் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று நீ சொல்வாய் அல்லவா. விடியும்போது என் சூடு மட்டும்தான் இருந்தது.

அந்த அளவுக்கு வீட்டில் இருந்தது கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றுதான், அதில் வைத்துக் கொல்லையில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் அப்பாதான் குழி தோண்டினார். ஜெபின் "இதுக்கு ஜெபம் பண்ணலாமாம்மா" என்று கேட்டான், எனக்குத் தெரியவில்லை, அவனே கண்ணை மூடிக்கொண்டு சின்னதாக ஏதோ சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு சந்தேகம் பொறுக்க முடியாமல், அந்தக் குழாயின் உள் தாளில் ஒரு நகத்தளவு கிழித்துக் காயவைத்து, இடுக்கியில் பிடித்துக் கேஸ் அடுப்பில் காட்டினேன். சுர்ரென்று பச்சையாக எரிந்தது. கல்லூரி லேபில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அந்தப் பச்சையை. பேரியம். இங்கே பச்சை உப்பு என்பார்கள், விஷம், அதை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகிறது, ஆனால் பழைய காகிதம் குடித்து வைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பா அடுக்களை வாசலில் நிற்கிறார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "பச்ச" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ராத்திரி இருட்டில், "பாப்பா அன்னைக்கே சொன்னாளே சீலி, எம் பிள்ளையக் கொன்னுருவீகன்னு அப்பவே சொன்னாளே" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்றால், குழாய் காய்ந்தே கிடந்திருந்தால் அது பாட்டுக்குக் கிடந்திருக்கும், பாப்பா. அதை நனைத்தது நான். நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளித்து அந்த உப்பைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக அதன் நாக்குக்குக் கொடுத்தது நான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி. வேதியியல் கடைசிப் பரீட்சை எழுதினவள் நான், இருபத்தோரு வயதில், எந்த உப்பு தண்ணீரில் கரையும் எது கரையாது என்று மனப்பாடமாக எழுதி முதல் வகுப்பு வாங்கினவள். அவர் எட்டாவது படித்தவர். பட்டாசு ஊரில் இருந்துகொண்டு, பட்டாசுக் குழாயை வாங்கி, முகர்ந்துகூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினேன். இதை அவரிடம் சொல்லாமல், அவர் தலையில் முழுதும் ஏற்றி வைத்துவிட்டு, நான் ஆறுதல் சொல்கிறவளாக உட்கார்ந்திருந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை. ஆகஸ்டுக் கடைசியில் உனக்குச் செய்முறைப் பரீட்சை, அது முடியட்டும் என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். பரீட்சை முடிந்தது, காரணம் முடிந்தது, தைரியம் மட்டும் வரவில்லை. போனில் இருந்த பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை அனுப்பினதைப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை நீ கேட்டாயே, "ஏம்மா, பின்னால காலண்டர்ல ஜூலை இருபத்திரெண்டுன்னு இருக்கு" என்று. கிழிக்க மறந்துவிட்டோம் என்றேன். காலண்டர் அடிக்கிற ஊரில், எழுந்தவுடன் காபிக்கு முன்னால் தாளைக் கிழிக்கிற அப்பா இருக்கிற வீட்டில், ஏழு வாரமாகக் கிழிக்க மறந்துவிட்டோமாம். நீ "சரிம்மா" என்றாய். அந்தச் சரிம்மாவுக்குப் பிறகு நான் தூங்கவில்லை. நீ தூங்கினாயா.

இன்றைக்கு ஆலயத்திலிருந்து வந்தவுடன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஈரம் போட்டது நான், கொன்றது நான் என்று. அவர் கேட்டுவிட்டு, "நீ ஈரம் போடலைன்னா அது எங்கன முட்டை போடும், கிறுக்கு மாதிரி பேசாத" என்றார். பாப்பாவுக்கு இன்றைக்கு எழுதப் போகிறேன் என்றேன். வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே, "எழுது, ஆனா நான் கொண்டாந்தது, நான் வச்சது, எல்லாம் நான்னே எழுது. ஒன் மேல கோவப்பட்டுட்டான்னா அவளுக்கு அங்கன பேசதுக்கு யாரு இருக்கா. எங்கிட்ட அவ எப்பவும் சாப்ட்டீகளான்னு மட்டும்தான கேக்கா, அது நின்னாப் பரவால்ல" என்றார். பார்த்தாயா பாப்பா. அதனால்தான் அவர் சொன்னபடி எழுதாமல், நடந்ததை நடந்தபடி எழுதினேன். அவர் இப்போது தூங்குகிறார், நான் இப்படி எழுதியது தெரியாது. நீ கோபப்பட வேண்டும் என்றால் என் மேல் கோபப்படு, எனக்கு அது தாங்கும். ஆனால் கோபத்தோடும் என்னோடு பேசு. அவரோடும் பேசு, சாப்ட்டீகளாவுக்கு மேல் ஒரு வார்த்தை.

முட்டைகளைப் பற்றி எழுத வேண்டும். ஒன்று மூன்றாவது வாரமே மஞ்சளித்துச் சப்பையாகிவிட்டது, எடுத்துப் போடவும் மனம் வராமல் ஓரமாக அப்படியே விட்டிருக்கிறேன். இன்னொன்று வெள்ளையாக, இட்டபோது இருந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் ஒரு ராத்திரி அந்தக் குழாய் ஈரத்தில்தான் கிடந்தது, எவ்வளவு உறிஞ்சியிருக்குமோ தெரியவில்லை. போன வாரம் டார்ச் அடித்துப் பார்த்தேன், சிவப்பாகத் தெரிந்தது, அது நீ சொன்ன ரத்த நரம்பா, வெறும் வெளிச்சமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, மறுபடி பார்க்கப் பயமாக இருக்கிறது. தினமும் காலையில் அப்பா குளித்துவிட்டு, வேலை உடுப்புப் போடுவதற்கு முன்னால் உன் அறை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பெட்டியின் மேல் ஓடுகிற சூட்டு எண்ணைப் பார்த்து "இருவத்தெட்டு" என்று எனக்குக் குரல் கொடுக்கிறார், நான் நோட்டில் குறிக்கிறேன், நாற்பது நாளும் விடவில்லை. மதியத்தில் சூடு ஏறாமல் இருக்க ஜெபினைக்கொண்டு பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்குப் போடச் சொல்லியிருக்கிறார், சாக்கு கடையில் புதிதாக வாங்கினது. சூடு குறைந்தால் பெண் குட்டியாக வரும் என்று உன் நோட்டில் வாசித்துவிட்டார். "பொட்டப் பிள்ளையாவே வரட்டும் சீலி" என்கிறார். அது முதல் சில வாரத்திலேயே முடிவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவரிடம் சொல்லவில்லை, சாக்கு நனைத்துக்கொண்டிருக்கட்டும். தீபாவளிக்கு நம் வீட்டுப் பக்கம் வெடிக்க வேண்டாம், அந்தச் சின்னது அதிரும் என்று தெருப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், பட்டாசுப் போர்மேன் வெடிக்காதே என்கிறார் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே, கம்பளிச் சட்டையை உள்ளேதான் போட வேண்டும், மேலே போட்டுக்கொண்டு படம் அனுப்பாதே. அழ வேண்டும் என்று இருந்தால் ஸ்வீட்டி அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழு, குளியலறையில் தனியாகப் போய் அழாதே, பார்சலை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ இதைப் படித்து முடிக்கிறவரை உன்கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை. மத்தாப்பு இறந்ததையும் அந்த அரசாங்கப் பதிவில் போட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறாய், கடவுச்சொல் உன்னிடம்தான் இருக்கிறது, மறந்துவிடாதே. உன்னைச் சுமந்த கர்த்தர் இனிமேலும் உன்னைச் சுமப்பார், உன் கை தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும், நீயும் வாடாமல் இரு.

உன் கணக்குப்படி இன்னும் பத்துப் பதினைந்து நாளில் அந்த முட்டை பொரிக்க வேண்டும், பொரிக்காமலும் போகலாம். பொரித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாள் கழித்துத் தீனி கொடுக்க வேண்டும், அப்பா அதைத் தொடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியாகக் கேட்டதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், அவரிடமே சொன்னால் இன்னும் நல்லது. கடிதமோ போனோ எதுவானாலும் சரி, சீக்கிரம் பதில் போடு, பாப்பா.

உன் அம்மா,
ஜெயசீலி பொன்ராஜ்